அலோஹா ஃப்ரம் ஹவாய்

அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1973ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, நள்ளிரவு கழிந்து அரை மணி நேரமான வேளையில், ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவில் தொடங்கி நிகழ்த்திய கச்சேரியும், அதனைப் பதிவு செய்து அடுத்த மாதமே ஆர்.சி.ஏ. ஸ்தாபனத்தார் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டும் இப்பெயரால் வழங்கும். இசைத்தட்டின் முழுப்பெயர் 'அலோஹா ஃப்ரம் ஹவாய் வயா சாட்டிலைட்' என்பது. தனியொரு பாடகரின் கச்சேரி முழுவதும் செயற்கைக்கோளின் வழியாகப் பல நாடுகளுக்கு நேரடியாக அனுப்பப்பட்டது இதுவே முதல் தடவை என்று சொல்லப்படுவதால் ஒளிபரப்புச் சரித்திரத்திலும், பாடகர் உயிரோடிருந்த காலத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டிய அவருடைய கடைசி ஆல்பம் என்பதால் இசைத்தட்டுச் சரித்திரத்திலும் இதற்கு இடம் உண்டு. ஆயினும் இவ்விரு பெருமைகளையும் விடக் கவனிக்கத்தக்கது, உலகெங்கும் அபிமானிகளைப் பெற்றிருந்தும் கனடாவைத் தவிர வேறு எந்த அயல்நாட்டு மேடையிலும் ஆயுளில் ஒரு தடவையேனும் ஏறாத ஒரு கலைஞர், அந்த அபிமானிகளின் முன் தோன்றுவதற்குக் கண்ட ஒரே உபாயம் இக்கச்சேரி என்பதே.

பிரெஸ்லி 1935ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டூப்பலோ என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் பெற்றோருடன் மெம்ஃபிஸ் நகரில் குடியேறியவர். 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்நகரில் சாம் ஃபிலிப்ஸ் நடத்தி வந்த சன் என்னும் சிறிய ஒலிப்பதிவு நிலையத்தில் அவர் பாடி வெளியான முதற்பாட்டு, வெள்ளையரின் கிராமிய சங்கீதமும் கறுப்பரின் புளூஸ் சங்கீதமும் ஒன்றிலொன்று கலந்த புது விசையோடு வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் ஆர்.சி.ஏ. ஸ்தாபனம் அவருடைய ஒப்பந்தத்தை 35,000 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. 1956இல் அவர் அமெரிக்கா முழுவதும் பிரசித்தி பெற்றார். பின்னர் 1958 முதல் 1960 வரை ராணுவ சேவை, அதற்குப்பின் ஒன்றையொன்று அச்செடுத்தாற்போன்ற சினிமாப் படங்கள் என்று காலம் கழிந்தது. மேடையை விட்டு ஏழாண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்தவரை, 1968ஆம் ஆண்டு டிசம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஒரு விசேஷ நிகழ்ச்சி மறுபடியும் பாடகராக நிலைநிறுத்திற்று. 1969ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி லாஸ் வேகஸ் நகரத்து இன்டர்நேஷனல் ஹோட்டலில் அவர் மீண்டும் மேடையேறினார். ஆகவே ஹொனலூலு கச்சேரி நடந்த நாளில் அவருக்கு வயது முப்பத்தெட்டே ஆயினும், ராக் சங்கீதத்துக்கே அப்போது வயது இருபதுக்குள்தான் என்பதை நினைத்தால், அத்துறையில் அவரைவிட மூத்தவரென்று சொல்லத்தக்கவர் சிலரே.

மேடைக் கச்சேரிகளை அப்படியே பதிந்து இசைத்தட்டாக்குவது அவருக்கு 1969க்குப் பின் வழக்கமாயிற்று. லாஸ் வேகஸ் கச்சேரிகளிலிருந்து அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இரு பதிவுகள் வந்தன. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கின் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர் மூன்று நாட்களில் நான்கு கச்சேரிகள் நடத்த, அவற்றுள் ஒன்றின் பதிவு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்திலேயே கடைக்கு வந்துவிட்டது. இந்த வேகமான பதிவும், அதன் நல்ல விற்பனையும், ஹவாய் இசைத்தட்டுக்கு நேர் முன்மாதிரியென்று கொள்ளலாம்.

இனி, ஏன் இந்தக் கச்சேரிக்குச் செயற்கைக்கோள் வேண்டியிருந்தது என்பதை அறியப் பாடகரை விட்டு அவருடைய நிர்வாகியிடம் செல்ல வேண்டும். கர்னல் டாம் பார்க்கர் என்று தம்மை அழைத்துக்கொண்ட இவர், தாம் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவரென்று சொல்லி வந்தார். உண்மையில் அவர் ஹாலந்து தேசத்தின் பிரேடா நகரில் 1909இல் பிறந்த ஆண்ட்ரியாஸ் கார்னலிஸ் வான் கைக் என்பவர், இளமையில் முறையான அனுமதியின்றி அமெரிக்காவுக்குள் புகுந்தவர், பாஸ்போர்ட் இல்லாதவர். இவ்விவரம் பாடகரின் மரணத்துக்குப் பின்னரே வழக்குமன்றத்தின் மூலம் பரவலாக வெளிப்பட்டது. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெருந்தொகைகளுடன் வந்த அழைப்புக்களை பார்க்கர் ஒவ்வொரு தடவையும் ஏதேனும் ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்ததற்கு, தேசத்தின் எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாதே என்னும் அச்சமே மூலகாரணமென்று சரித்திர ஆசிரியர் பலர் கருதுகின்றனர். தாம் போகாமல் பாடகரை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நிர்வாகி தம் பார்வைக்கு அப்பால் பாடகரை விட்டு வைக்கும் இயல்பினர் அல்லர். 1957ஆம் ஆண்டு டொரான்டோ, ஆட்டவா, வான்கூவர் என்னும் கனடிய நகரங்களில் நடந்த சில கச்சேரிகளோடு பிரெஸ்லியின் அயல்நாட்டு யாத்திரை முடிந்துபோயிற்று.

இந்நிலையில் 1972ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜனாதிபதி நிக்ஸன் சீனாவுக்குச் சென்றபோது, பீக்கிங் நகரத்துக் காட்சிகள் செயற்கைக்கோள் வழியே அமெரிக்க வீடுகளுக்கு அப்போதைக்கப்போதே வந்து சேர்ந்ததை பார்க்கர் கண்டார். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் இன்டெல்சாட் 4 வகைச் செயற்கைக்கோள் ஒன்று அப்போது பசிபிக் சமுத்திரத்தின் மேல் நிலைகொண்டிருந்தது. ஒரு கரையிலிருந்து அனுப்பும் படத்தையும் ஒலியையும் வாங்கி மறு கரையின் தரை நிலையங்களுக்குத் திருப்பி அனுப்புவது அதன் தொழில். ராஜதந்திரிகளின் விருந்தைக் காட்டக் கூடுமானால் கச்சேரியைக் காட்டக் கூடாதா என்று பார்க்கர் எண்ணியது இயல்பே. முன்னரே 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் பல தேசங்கள் கூடி நடத்திய 'அவர் வேர்ல்ட்' என்னும் செயற்கைக்கோள் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாட்டுப் பாடியதுண்டு. ஆனால் அது பல அம்சங்கள் கொண்ட நிகழ்ச்சியில் ஓர் அம்சம் மட்டுமே. முழுக் கச்சேரி ஒன்றை இவ்வாறு அனுப்ப அதுவரை ஒருவரும் துணியவில்லை.

முதலில் 1972 நவம்பரில் நடத்துவதாக இருந்த நிகழ்ச்சி, அம்மாதம் எம்.ஜி.எம். ஸ்தாபனத்தார் வெளியிட இருந்த 'எல்விஸ் ஆன் டூர்' என்னும் படத்தின் வசூலைப் பாதிக்குமென்று அவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஜனவரிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அமெரிக்க மக்களுக்கு மட்டும் நிகழ்ச்சியை நேரடியாகக் காட்டாமல் ஏப்ரல் வரை நிறுத்தி வைத்ததற்கும் அந்தப் படத்தையும், அதே ஜனவரி 14ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த 'சூப்பர் பௌல்' கால்பந்தாட்ட இறுதிப் போட்டியையும் காரணமாகச் சொல்வர். ஹொனலூலுவில் நள்ளிரவு கழிந்த அந்த நேரம் நியூயார்க்கில் விடியற்காலை ஐந்தரை மணி, போட்டியோ பகலில். விடியுமுன் நடக்கும் கச்சேரிக்கும் பகலில் நடக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன போட்டியென்று விளங்கவில்லை. ஆசிய மக்களின் மாலை நேரத்துக்காகவே ஒரு கச்சேரியை அமைத்துவிட்டபின், அமெரிக்கர் விழித்திருக்கும் நேரத்தில் அதை வேறொரு நாள் விளம்பரதாரரின் பணத்தோடு காட்டுவதே லாபமென்பது வெளிப்படை.

இடமாக ஹவாயைத் தேர்ந்ததில் சாமர்த்தியம் இருக்கிறது. அது அமெரிக்க மண், 1959இல் ஐம்பதாவது மாநிலமாகச் சேர்ந்தது. ஆகவே பாஸ்போர்ட் தேவையில்லை. அதே சமயத்தில் அது சமுத்திர மத்தியில், ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கிடப்பது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை ஆகும்போது டோக்கியோவில் மாலை ஏழரை. பாடகருக்கும் அத்தீவுகளுக்கும் பழைய தொடர்பு இருந்தது. 1941இல் பேர்ல் துறைமுகத்தில் மூழ்கடிக்கப்பட்ட அரிஸோனா போர்க்கப்பலில் மாண்ட 1,177 பேருக்கு நினைவுச் சின்னம் எழுப்ப நிதி போதாமல் வேலை நின்றிருந்தபோது, 1961ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி அங்கே ஒரு தர்மக் கச்சேரி நடத்தி 50,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தவர் அவர். சின்னம் அடுத்த ஆண்டே திறக்கப்பட்டது. அந்த 1961இலேயே 'புளூ ஹவாய்' படமும் அங்கு எடுக்கப்பட்டது. படம் சுமாரானதே ஆயினும், அவர் பிற்காலத்தில் கச்சேரிகளை முடிக்கப் பாடி வந்த காதற்பாட்டு அதிலிருந்து வந்ததாகும்.

புதிய கச்சேரியும் தர்மத்துக்கே என்று அறிவிக்கப்பட்டது. ஹவாயைச் சேர்ந்த பாடலாசிரியர் குயி லீ 1966இல் முப்பத்து நான்காம் வயதில் புற்றுநோயால் இறந்தவர். அவர் இயற்றிய 'ஐ'ல் ரிமெம்பர் யூ' என்னும் பாட்டை பிரெஸ்லி அந்த ஆண்டே பதிவு செய்திருந்தார். லீயின் பெயரால் அமைந்த புற்றுநோய் நிதிக்கு வசூலைக் கொடுத்துவிடலாமென்னும் யோசனையைச் சொன்னவர் எடி ஷெர்மன் என்னும் ஹொனலூலுப் பத்திரிகை எழுத்தாளர். சீட்டுக்கு விலை குறிக்கவில்லை. வருவோர் மனமுவந்து கொடுப்பதே கட்டணம். 25,000 டாலர் சேருமென எதிர்பார்த்த இடத்தில் 75,000 டாலர் சேர்ந்தது. அத்தொகையைப் பாடகர் மேடையிலேயே அறிவிப்பதை இசைத்தட்டிலும் கேட்கலாம்.

நிகழ்ச்சியைத் தயாரித்து இயக்கியவர் மார்ட்டி பஸேட்டா, ஆஸ்கார் பரிசளிப்பு விழா ஒளிபரப்பை இயக்கி வந்தவர். நவம்பரில் லாங் பீச் நகரில் நடந்த கச்சேரியைப் பார்த்துவிட்டு அவர் கண்ட குறைகள் இரண்டு: மேடையில் பாடகர் ஒரே இடத்தில் நிற்கிறார், சபையோர் வெகு தொலைவில் இருக்கிறார்கள் என்பது ஒன்று, உடல் பெருத்திருக்கிறார் என்பது மற்றொன்று. முதற்குறைக்குத் தாழ்ந்த மேடையும், அதிலிருந்து சபைக்குள் நீளும் நடைபாதையும் அமைத்தார். பார்க்கர் இதற்கு இணங்கவில்லையென்றும், பாடகரே ஏற்றுக்கொண்டபின் வழிவிட்டார் என்றும் பஸேட்டா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது குறையைப் பாடகர் முகத்துக்கு நேரே சொன்னபோது அவர் கோபிக்காமல் சிரித்துவிட்டு உணவைக் குறைத்துக்கொண்டாராம்; ஜனவரிப் படத்தில் மெலிந்த உருவத்தைக் காண்கிறோம். மேடையின் பின்புறத்தில் அவருடைய பெயர், நிகழ்ச்சியைக் காணப்போகும் நாடுகளின் மொழிகள் பலவற்றில், விளக்கு எழுத்துக்களால் மின்னி நின்றது. செலவு 25 லட்சம் டாலர் என்பர்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பாட்டை மறந்தவரும் உடையை மறக்கவில்லை. அமெரிக்காவைக் குறிப்பதாக ஏதேனும் வேண்டுமென்று பாடகர் கேட்க, பில் பெலு என்னும் உடையமைப்பாளர் வெள்ளைத் துணியில், மார்பிலும் முதுகிலும் கற்கள் பதித்த கழுகுச் சின்னத்துடன், தேசத்தின் முத்திரையை நினைவூட்டும் முழு அங்கி ஒன்று தைத்துக் கொடுத்தார். தோளிலிருந்து தரைவரை தொங்குவதாக முதலில் செய்த மேலாடையின் கனத்தைத் தாங்கமாட்டாமல் குட்டையான வேறொன்று செய்ய வேண்டி வந்தது. அந்த இரண்டாவது மேலாடையைக் கச்சேரி முடிவில் அவர் சபையோர் நடுவே வீசி எறிந்துவிட்டார். இடைக்கச்சையோ, கச்சேரிக்கு முன்பே நடிகர் ஜாக் லார்டின் மனைவிக்குப் பரிசாகப் போய்விட, பெலு அவசர அவசரமாக மற்றொன்று செய்து அனுப்பினார்.

செயற்கைக்கோள் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வதென்ற முன்ஜாக்கிரதையால், ஜனவரி 12ஆம் தேதி இரவு, முழுச் சபையோடு ஓர் ஒத்திகைக் கச்சேரி நடந்து அதுவும் படமாகவும் ஒலியாகவும் பதிவாயிற்று. 14ஆம் தேதி ஹொனலூலு இன்டர்நேஷனல் சென்டரில் ஆறாயிரம் பேர் அளவில் கூடியிருந்தனர். நிகழ்ச்சி ஏறத்தாழ ஒரு மணி நேரம். இருபதுக்கு மேற்பட்ட பாட்டுக்கள். கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் பர்ட்டன், பேஸ் வாசித்தவர் ஜெரி ஷெஃப், பியானோ கிளென் டி. ஹார்டின், டிரம்ஸ் ரானி டட்; பின்பாட்டுக்கு ஜே.டி. ஸம்னரும் அவருடைய ஸ்டாம்ப்ஸ் குழுவினரும், ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்னும் பெண்கள் குழுவினரும், உச்ச ஸ்தாயிக்கென்றே காத்தி வெஸ்ட்மோர்லண்டும். இவர்களுக்கெல்லாம் பின்னே ஜோ கெர்ஸியோ நடத்திய பெரிய வாத்திய கோஷ்டி. ராக் பாடகர் ஒருவருக்கு இத்தனை பரிவாரமா என்று அக்காலத்து இளைய விமர்சகர் சிலர் முகம் சுளித்ததுண்டு. ஆனால் தேவாலயப் பாட்டிலும் கிராமியப் பாட்டிலும் புளூஸிலும் ஒருங்கே வளர்ந்த ஒருவர், தம் சங்கீதத்தின் மூன்று ஊற்றுக்களையும் ஒரே மேடையில் வைத்துக்கொள்ள விரும்பியதன் விளைவே அந்தப் பரிவாரம் என்று கொண்டால் அது மிகையாகத் தோன்றாது.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இயற்றிய 'ஸாரதுஷ்ட்ரா' இசையின் கம்பீரமான தொடக்கம் முழங்கி ஓய, டிரம்ஸ் ஓசை புகுந்து, 'ஸீ ஸீ ரைடர்' என்னும் பழைய புளூஸ் பாட்டோடு கச்சேரி தொடங்குகிறது. அடுத்து வருவது, அதற்கு முந்திய ஆண்டில் பெருவெற்றி கண்ட 'பர்னிங் லவ்'. முதல் சில பாட்டுக்களில் குரல் சற்றுக் கட்டுண்டே இருக்கிறது. ஒரு பிழையும் நேரக்கூடாதென்ற ஜாக்கிரதை தெரிகிறது. ஜார்ஜ் ஹாரிஸனின் 'ஸம்திங்' பாட்டுக்கு வந்தபிறகே மூச்சு நிதானப்படுகிறது. மார்ட்டி ராபின்ஸ் எழுதிய 'யூ கேவ் மி எ மௌண்டன்' மனைவியையும் பிள்ளையையும் இழந்தவனின் பிரலாபம். முந்திய ஆண்டு தொடக்கத்திலேயே மனைவியைப் பிரிந்து விவாகரத்து வழக்கை நடத்திக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பாடும்போது சபையோர் எதை நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹாங்க் வில்லியம்ஸின் தனிமைப் பாட்டைத் தாம் கேட்டவற்றுள் எல்லாம் துயரமானது என்று முன்னுரைத்துவிட்டு, அலங்காரம் ஏதுமின்றி, ஏறக்குறைய தாழ்ந்த குரலிலேயே பாடி முடிக்கிறார். இந்த ஆல்பத்தில் திரும்பத் திரும்பக் கேட்கத்தக்க பாட்டு எதுவென்று கேட்டால், பலர் சொல்லும் பெரிய பாட்டுக்களை விட்டு இதையே நான் குறிப்பேன்.

அவரை 1956இல் உயர்த்திய 'ஹவுண்ட் டாக்', 'புளூ ஸ்வேட் ஷூஸ்' முதலியவை இங்கே, கர்நாடகக் கச்சேரியின் முடிவில் வரும் துக்கடாக்களைப் போல, ஓரிரு நிமிஷத்தில், வேகமாக, கடன் தீர்ப்பவர் பாவனையில் கழிந்துவிடுகின்றன. பழைய அபிமானிகளுக்கு இது குறையே. ஆயினும் முப்பத்தெட்டு வயதில் இருபத்தொரு வயதின் ஆவேசத்தை நடித்துக் காட்டுவதைவிட அவற்றைச் சிரித்துக்கொண்டே கடந்து போனது நேர்மையென்றும் சொல்லலாம். 'ஃபீவர்' பாட்டில், பேஸும் தாள வாத்தியமும் மட்டுமே துணையிருக்க, அவர் கால் அசைவு ஒவ்வொன்றுக்கும் பெண்கள் கூக்குரலிடுகின்றனர். இசைத்தட்டை மட்டும் கேட்பவருக்கு ஏன் இந்தக் கூக்குரல் என்பது புரியாது; நேரடிப் பதிவுகளுக்கெல்லாம் பொதுவான குறை இது, படத்தோடு பிறந்த இப்பதிவில் சற்று அதிகமாகவே தென்படுகிறது. 'ஸஸ்பீஷியஸ் மைண்ட்ஸ்' பாட்டின் நடுவில் குனிந்து நிமிரும்போது உடை கிழிந்துவிடக் கூடாதே என்று அவர் வேடிக்கையாகக் கவலைப்படுவதும் பதிவாகியிருக்கிறது.

கச்சேரியின் சிகரம் 'ஆன் அமெரிக்கன் டிரிலஜி'. உள்நாட்டுப் போரில் தென்னாட்டாரின் கீதமாக விளங்கிய 'டிக்ஸி', துயருற்றோரின் தாலாட்டாகிய 'ஆல் மை டிரையல்ஸ்', வடநாட்டாரின் போர்க் கீதம் ஆகிய மூன்றையும் மிக்கி நியூபரி என்னும் பாடகர் 1971இல் ஒன்றாகக் கோத்தார். நியூபரி அதை மெல்லிய குரலில் ஒரு முறையீடாகப் பாட, பிரெஸ்லி அதனை ஒரு பெரிய திருவிழாவாக்கிவிட்டார். நடுவே புல்லாங்குழல் தனித்து ஒலிக்கும் சில கணங்களும், அதன்பின் குரல்களும் பித்தளை வாத்தியங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து இறுதி ஸ்வரத்தில் நிற்பதும் கேட்போரை ஆட்கொள்கின்றன. ஒரே பாட்டில் எதிரெதிர்ப் படைகள் இரண்டின் கீதங்களும் அருகருகே வருவதில் உள்ள சங்கடத்தை அவ்வாரவாரம் மூடி விடுகிறது என்பதும் உண்மையே. கடைசி ஸ்வரத்தை அவர் பிடித்து நிற்பதைக் கேட்டபின், அந்த ஆண்டில் அவர் குரல் தளர்ந்திருந்தது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

சபையோர் கலைந்தபின்னும் வேலை முடியவில்லை. அமெரிக்க ஒளிபரப்பில் விளம்பரங்கள் போக மிஞ்சும் நேரத்தை நிரப்புவதற்காக, வெறிச்சோடிய அரங்கில் 'புளூ ஹவாய்', 'ஹவாயியன் வெட்டிங் ஸாங்', 'ஏர்லி மார்னிங் ரெயின்' உள்ளிட்ட ஐந்து பாட்டுக்களை அவர் அந்த விடியற்காலையில் பாடிப் பதிந்தார். ஏப்ரல் 4ஆம் தேதி என்.பி.சி. காட்டிய நிகழ்ச்சியில் அவற்றுள் நான்கு இடம்பெற்றன. அந்த நேரத்தில் அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்த்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதையே பார்த்தனரென்று கணக்கிட்டார்கள்.

உலகில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு நூறு கோடியென்றும் நூற்றைம்பது கோடியென்றும் விடை சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இவ்வெண் கச்சேரிக்குப் பின் எண்ணிப் பார்த்துச் சொன்னதன்று. கச்சேரிக்கு முன்பே விளம்பரத்துக்காகச் சொன்னது. ஜனவரி 14ஆம் தேதி நேரடியாகப் பெற்றவை ஜப்பான், தென்கொரியா, ஹாங்காங், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, தென்வியத்நாம், ஆஸ்திரேலியா முதலிய நாடுகள். ஐரோப்பிய நாடுகள் சில பிற்பாடு காட்டின. உலக ஜனத்தொகையில் முதலிரண்டு இடங்களை வகித்த சீனாவும் இந்தியாவும் இப்பட்டியலில் இல்லை. இந்தியாவில் அன்று டில்லியையும் பம்பாயையும் தவிர வேறெங்கும் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. சென்னைக்கு அது வந்தது 1975இல். நேரடியாகப் பெற்ற நாடுகளில் பிறந்த குழந்தைகள் உட்பட அனைவரையும் பெட்டியின் முன் உட்கார வைத்தாலும் அந்த எண் கூடி வராது. சந்திரனில் மனிதன் இறங்கியதைக் கண்டவரைவிட இதைக் கண்டவர் அதிகம் என்று சொல்வதும் இந்த விளம்பர எண்ணிலிருந்து கிளைத்ததே. டோக்கியோவிலும் மனிலாவிலும் மாலையுணவு வேளையில் மக்கள் திரளாக அதைப் பார்த்தார்கள் என்பதே ஒரு பாடகருக்குப் போதுமான பெருமை.

இசைத்தட்டு 1973 பிப்ரவரியில் வெளிவந்தது. முன்னட்டையின் நடுவே வட்டமாகத் துளையிட்டு, அதன் வழியே உள்ளிருக்கும் பாடகரின் படம் தெரியுமாறு அமைத்திருந்தார்கள். ஒளிபரப்பின் விளம்பரதாரரான டப்பா மீன் வியாபார ஸ்தாபனம் ஒன்றின் ஊழியர்களுக்கென்று தனிச் சீட்டு ஒட்டிய சில பிரதிகள் முன்கூட்டியே போயின; அப்பிரதிகளுக்கு இன்று சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் அம்மீன் வியாபாரமே தேவலை என்று தோன்றும். நான்கு ஒலிபெருக்கிகளின் வழியே கேட்பவரைச் சுற்றிலும் ஒலி எழச் செய்யும் 'குவாட்ரஃபோனிக்' முறையில் அது பதிக்கப்பட்டிருந்தது. ஜப்பானியரின் ஜே.வி.ஸி. ஸ்தாபனம் உருவாக்கிய இம்முறையில், தட்டின் ஒரே பள்ளத்தில், காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுகளின் மேல் முன்புற, பின்புற ஒலிகளின் வேறுபாட்டை ஏற்றி வைப்பார்கள். தக்க ஊசியும் கருவியும் இருந்தால் நான்கு தடங்களாகப் பிரியும், இல்லாவிட்டால் சாதாரண ஸ்டீரியோவாகவே ஒலிக்கும். பெரும்பாலோர் வீட்டில் அத்தகைய கருவி இருந்ததில்லை. இருந்தும், மே மாதத் தொடக்கத்தில் 'பில்போர்ட்' பட்டியலின் முதலிடத்தை எட்டிய முதல் குவாட்ரஃபோனிக் ஆல்பம் இதுவாயிற்று. எட்டாண்டுகளாக அவருக்கு அவ்விடம் கிட்டாமலிருந்தது. சில ஆண்டுகளுக்குள் நான்கு தட முறை சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது.

வெற்றியின் நடுவிலேயே வீழ்ச்சிக்கான பத்திரமும் கையெழுத்தாயிற்று. ஆல்பம் விற்றுக்கொண்டிருந்த அதே மார்ச் மாதம், தம் பழைய பதிவுகள் அனைத்தின் எதிர்கால உரிமைப் பங்கையும் 54 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ.வுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரெஸ்லி கையொப்பமிட்டார். அதிலும் பாதி பார்க்கருக்குச் சென்றது. அக்டோபரில் விவாகரத்து முடிந்தது. உடல் நலம் குன்றிக்கொண்டே வந்தது. 1974இல் மெம்ஃபிஸில் பதிவான கச்சேரியில் இன்னும் தெம்பு இருக்கிறது. 1977 ஜூன் மாதம் ஒமாஹா, ராபிட் ஸிட்டி என்னும் ஊர்களில் எடுத்த படத்தையும் பதிவையும் ஹவாயை அடுத்து வைத்துப் பார்ப்பது கடினமான காரியம். அந்த ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி, நாற்பத்திரண்டாம் வயதில், மெம்ஃபிஸில் அவர் இறந்தார். டோக்கியோவுக்கோ லண்டனுக்கோ அவர் கச்சேரிக்குப் போகவேயில்லை.

ஒத்திகைக் கச்சேரி, 'தி ஆல்டர்னேட் அலோஹா' என்னும் பெயரில் 1988இல் தனி ஆல்பமாக வெளிவந்தது. 2004இல் இரு கச்சேரிகளின் படங்களும் முழுமையாக ஒரே தொகுப்பில் வந்தன. 2013இல் நாற்பதாம் ஆண்டையும், 2023இல் ஐம்பதாம் ஆண்டையும் முன்னிட்டு மறு பதிப்புக்கள் வந்தன. நீல் பிளேஸ்டெல் சென்டர் என்று பெயர் மாறிவிட்ட அரங்கின் வெளியே 2007 முதல் பாடகரின் வெண்கலச் சிலை நிற்கிறது. இப்பதிவைப் புதிதாகக் கேட்கப் புகுவோர் முதலில் ஜனவரி 12ஆம் தேதியின் ஒத்திகையைக் கேட்டுவிட்டு 14ஆம் தேதிக்கு வருவது நல்லது. ஒத்திகையில் அவர் தாராளமாக விளையாடுகிறார், தவறினால் சிரிக்கிறார், சில இடங்களில் குரலைச் சேமித்து வைக்கிறார். இரண்டு நாள் கழித்து, அதே பாட்டுக்களை அதே வரிசையில் ஏறக்குறைய மாற்றமின்றிப் பாடும்போது எந்தெந்த இடத்தில் அந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறார் என்பது அப்போது தெரியவரும்.